கைமாறும் சூடு

ஒரு மே மாதச் சாயங்காலம், மதுரையில் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே மாடியிலிருந்து சத்தம் கேட்டது. மாவு மில் ஓடுகிற சத்தம். "ரெண்டு நாளா இதே கூத்துதான்" என்றாள் அக்கா. மேலே போனால் அவள் மகன், பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்ட ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனே அசெம்பிள் செய்தது. சென்னை ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றாக வாங்கி, மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"மாமா, கேம் தொறந்தா பத்து செகண்டுல நூறு டிகிரி காட்டுது. ஃபேன் மூவாயிரம் சுத்து சுத்துது, அப்பவும் எறங்க மாட்டேங்குது. பெரிய ஃபேனா வாங்கிப் போட்டுரட்டா?"

வாங்காதே என்றேன். கம்ப்யூட்டர் சூடானால் எல்லோருக்கும் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். திருடன் வந்த இரவில் குரைத்த நாயை அடிப்பது போன்றது இது. ஃபேன் கத்துகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது; வேலையைச் செய்யாதவர் வேறு யாரோ.

முதலில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். மிக்ஸிக்குள் போகும் மின்சாரம் தேங்காயை அரைக்கிறது. மோட்டாருக்குப் போவது தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பிராசஸர் எதையும் தூக்குவதில்லை, அசைப்பதில்லை. அதற்குள் 70 வாட் மின்சாரம் போனால் 70 வாட் சூடு வெளியே வருகிறது, மிச்சம் மீதி இல்லாமல். இயற்பியல்காரன் கண்ணுக்கு அது ஒரு சின்ன ஹீட்டர். போகிற போக்கில் கணக்கும் போடுகிறது.

70 வாட் என்றால் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதானே, அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். சிக்கல் அளவில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வாட், அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராசஸரின் மேல்மூடிக்குக் கீழே இருக்கும் சிலிக்கான் சில்லோ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. 70 வாட்டை அதில் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 46 வாட்டுக்கு மேல் வருகிறது. இஸ்திரிப்பெட்டியைப் போல் ஒன்பது மடங்கு. அந்த நகத்துண்டுக்குள் சில நூறு கோடி டிரான்சிஸ்டர்கள்.

ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் ஒரு குட்டித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொண்டால் மிச்சம் எளிது. தொட்டி நிரம்பினால் ஒன்று, காலியானால் சுழி. நிரப்புவதற்கு உழைப்பு வேண்டும். காலி செய்யும்போது அந்த உழைப்பு திரும்பக் கிடைப்பதில்லை, சாக்கடையில் போகிற தண்ணீர் மாதிரி சூடாகப் போய்விடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நானூறு கோடித் துடிப்பு. எல்லாத் தொட்டியும் எல்லாத் துடிப்பிலும் நிரம்பி வடிவதில்லை என்றாலும், துடிப்பு கூடக் கூடச் சூடும் அதே விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்தின் கணக்கு இன்னும் மோசம். தொட்டியின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிக்கிற தண்ணீரும் இரட்டிப்பு, தூக்க வேண்டிய உயரமும் இரட்டிப்பு. ஆக உழைப்பு நான்கு மடங்கு. பிராசஸரிலும் இதே கதை: வோல்ட் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. திருப்பிப் படித்தால் இதுவே நல்ல செய்தி. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே சூடு 19 சதவீதம் குறையும். ரகசியம் தெரிந்த அசெம்பிள்காரர்கள் செலவில்லாமல் செய்யும் வித்தை இது.

தொட்டியை இன்னும் நுணுக்கமாகச் செய்து சூடே வராமல் பண்ண முடியாதா? ஐபிஎம்மில் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961லேயே இதற்கு ஒரு எல்லை வகுத்துவிட்டார். ஒரே ஒரு பிட் தகவலை அழித்தாலும் குறைந்தபட்சம் இத்தனை சூடு வெளிவந்தே தீரும் என்பது அவர் கணக்கு. எந்த இயந்திரம், எந்தப் பொருள் என்பது கேள்வியே இல்லை. மறப்பதற்குக்கூட இயற்கை ஒரு கட்டணம் வைத்திருக்கிறது. இன்றைய சில்லுகள் அந்தக் குறைந்தபட்சத்தைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு சூட்டைக் கக்குகின்றன. லாண்டவரின் சுவரில் முட்ட இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

சரி, சூடு பிறந்துவிட்டது. அது வெளியேற வேண்டும். வீட்டுக்குத் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கலவை போட்ட சட்டி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, சாரத்தின் வழியாக மேலே போய்க்கொண்டே இருக்கும். பிராசஸர் சூடும் அப்படித்தான் போகிறது. சிலிக்கானிலிருந்து அதை மூடியிருக்கும் உலோகத் தகட்டுக்கு, அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் என்ற களிம்புக்கு, களிம்பிலிருந்து ஹீட் சிங்க் என்ற அலுமினிய அடுக்குக்கு, அடுக்கிலிருந்து காற்றுக்கு, கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து தெருவுக்கு. வரிசையில் யாராவது ஒருவர் மெத்தனமாக இருந்தால் அவருக்கு முன்னால் சட்டி குவியும், அவருக்குப் பின்னால் நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். ஃபேன் அந்த வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி ஆள். நடுவில் நிற்பவர் தூங்கினால், கடைசி ஆளை "வேகமா, வேகமா" என்று விரட்டி என்ன பயன்?

யார் தூங்குகிறார் என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், விரல் போதும். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, ஃபேன் நின்றதும் ஹீட் சிங்க்கின் ஓரத்தைத் தொட்டேன். அவனையும் தொடச் சொன்னேன்.

"சூடே இல்லையே மாமா!"

அதுதான் விடை. சில்லு நூறு டிகிரி என்று அலறுகிறது. அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் அலுமினியம் குளிக்கிற வெந்நீர் அளவுக்குக்கூடச் சுடவில்லை. சட்டி கைமாறவே இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு. ஹீட் சிங்க்கும் தொட முடியாமல் கொதித்திருந்தால் சூடு அதுவரை ஒழுங்காக வந்து காற்றில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஃபேனையும் தூசியையும் கேபினெட்டையும் பார்க்கலாம்.

மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தோம். பிராசஸரோடு பெட்டியில் வரும் அந்த ஹீட் சிங்க்குக்கு நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் முளைகள். துளையில் வைத்து 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தலையில் கோடு வெட்டியிருப்பதால் பலரும் அதைத் திருகாணி என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவார்கள். அதில் போட்டிருக்கும் அம்புக்குறி கழற்றுவதற்கான திசை! இவனும் அழுத்திவிட்டு, நன்றாக இறுகட்டும் என்று பாசத்தோடு அம்பு காட்டிய பக்கம் திருகியிருக்கிறான். ஒரு முளை விடுபட்டு நின்றது. அந்த மூலையில் ஹீட் சிங்க் மயிரிழை தூக்கிக்கொண்டு, உள்ளே காற்று புகுந்திருந்தது.

மயிரிழைக் காற்றுக்கு இத்தனை வலுவா? உண்டு. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்புக்கு 400 மதிப்பெண் கொடுத்தால் அலுமினியத்துக்கு 200க்கு மேல் கொடுக்கலாம். காற்றுக்கு வெறும் 0.026. செம்பைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு மட்டம். குளிருக்குப் போர்த்தும் கம்பளி சூட்டைக் காப்பது நூலால் அல்ல, நூலுக்கிடையே அடைபட்ட காற்றால். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காற்று புகுந்தால் நெருப்புக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். கண்ணாடிபோல் வழவழவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், நுண்ணோக்கியில் அவை மேடும் பள்ளமும்தான். மேட்டு முனைகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளமெல்லாம் காற்று. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் களிம்பு. அதன் மதிப்பெண் ஐந்திலிருந்து பத்துக்குள் இருக்கும். காற்றோடு ஒப்பிட்டால் அது கோமகன். செம்போடு ஒப்பிட்டால் ஏழை. அதனால்தான் களிம்பைப் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். தோசைக்கு நெய் ஊற்றுவதுபோல் தாராளம் காட்டினால் உலோகத்தோடு உலோகம் சேர வேண்டிய இடத்தில் ஏழை வந்து நிற்பான். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும், மேலே இருந்து வரும் அழுத்தம் பரப்பிக்கொள்ளும்.

இதே இடத்தில் நடக்கும் இன்னொரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். சில ஹீட் சிங்க்குகளின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், பொருத்தும் முன் உரிக்கச் சொல்லி எழுத்தும் இருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு ஒரு வாரம் தவித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்க்கிறவர்.

ஹீட் சிங்க்கை ஒருமுறை தூக்கிவிட்டால் பழைய களிம்பு உதவாது, குமிழ் விழுந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி வைத்து, முளைகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினோம். நாலு 'டிக்'. அதே கேம், அதே ஃபேன். 78 டிகிரியில் வந்து நின்றது.

அறையில் அப்போது 36 டிகிரி. அறைக்கு மேல் 42 டிகிரி ஏற்றம், 70 வாட்டுக்கு. ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரி. இந்த ஒரு எண்தான் இந்த ஹீட் சிங்க்கின் ஜாதகம். ஏசி போட்டு அறையை 26 ஆக்கினால் பிராசஸர் 68க்கு வரும். கத்திரி வெயிலில் மாடி அறை 40ஐத் தொட்டால் 82. காற்றை வீசிக் குளிர்விக்கும் எந்த ஏற்பாடும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட சோதனை முடிவுகளில் 63 என்று படித்துவிட்டு, நம் ஊர் மே மாதத்தில் 78 காட்டுகிறதே என்று கலங்குகிறவர்கள் அங்கே அறை 21 டிகிரியில் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நூறு டிகிரியில் இருந்தபோது அவன் பிராசஸர் ஏன் எரிந்துபோகவில்லை? எரிய விடமாட்டார்கள். ஒரு காலத்தில் விட்டார்கள். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினிச் சோதனைத் தளம் ஒரு காணொளி வெளியிட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது. இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைச் சுருக்கிக்கொண்டு, விளையாட்டை ஆமை வேகத்தில் தொடர்ந்தது. இன்றைக்கு எந்த நிறுவனத்தின் பிராசஸரும் அந்தத் தற்காப்போடுதான் பிறக்கிறது. நூறை ஒட்டிய ஓர் எல்லையில் துடிப்பையும் மின்னழுத்தத்தையும் தானே குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தானே அணைந்துகொள்ளும். அக்கா மகனின் கேம் திக்கித் திக்கி ஓடியதற்குக் காரணம் அதுதான். பலர் இதைப் பார்த்துவிட்டுக் கிராபிக்ஸ் கார்டை மாற்றிக் காசை விடுகிறார்கள்.

இந்தத் தற்காப்புக்குள் ஓர் அழகு இருக்கிறது. சில்லுக்குள் தெர்மாமீட்டரை எங்கே செருகுவது? செருகவே வேண்டியதில்லை. சிலிக்கான் டையோடின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். மின்சுற்று வடிவமைப்பவர்களுக்கு இது காலங்காலமாகத் தலைவலி, சூடு ஏறினால் சுற்றின் போக்கே மாறிவிடும். அந்தக் குறையையே அளவுகோலாக்கிவிட்டார்கள். கோர் என்று சொல்லப்படும், கணக்குப் போடும் பகுதி ஒவ்வொன்றுக்குள்ளும் சில டையோடுகள் உட்கார்ந்து, தாங்கள் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதை வைத்தே சூட்டைச் சொல்கின்றன.

சிலிக்கான் உருகுவது 1,414 டிகிரியில். பிறகு ஏன் நூறுக்கே பயம்? சூடு ஏற ஏற, மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியும். கசிவு இன்னும் சூடாக்கும். நாள்பட வேறொன்றும் நடக்கும். உள்ளே ஓடும் செம்புக் கம்பிகள் அத்தனை மெல்லியவை என்பதால், ஓடுகிற எலக்ட்ரான்களே செம்பு அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும், வெள்ளம் கரையை அரிப்பதுபோல. சூட்டில் இந்த அரிப்பு வேகமெடுக்கும். நூறு டிகிரியில் பிராசஸர் சாகாது, ஆயுள் குறையும்.

கணினியின் வரலாறே ஒருவகையில் சூட்டோடு போட்ட மல்யுத்தம்தான். 1946இல் பென்சில்வேனியாவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள். ஏறக்குறைய 150 கிலோவாட் தின்றது. குளிர்விக்கவே தனியாக ஊதுகருவிகள். பிறகு டிரான்சிஸ்டர் வந்து எல்லாம் தணிந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 பிராசஸர் தலையில் ஹீட் சிங்க்கே கிடையாது, மொட்டைத் தலை. அடுத்த இருபது ஆண்டு துடிப்பு ஏறிக்கொண்டே போனது. 2001இல் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்: இதே போக்கில் போனால் சில்லின் சூட்டுச் செறிவு 2005க்குள் அணு உலையை எட்டும், 2010இல் ராக்கெட்டின் வாயை, 2015இல் சூரியப் பரப்பை. சூரியன் வரை போகவில்லை. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிய பென்டியம் 4, அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸைத் தொடாமலேயே நிறுத்தப்பட்டது. வேகமாக ஓடும் ஒரு மாட்டுக்குப் பதில் நிதானமாக ஓடும் இரண்டு மாடு என்று 2005இல் வீட்டுக் கணினிக்கும் இரட்டைக் கோர் வந்தது. இன்று உங்கள் செல்போனில் எட்டுக் கோர் இருப்பதற்கு மூலகாரணம் அந்தச் சூடு. இருபது ஆண்டில் துடிப்பு இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

கதை அந்த மே மாதத்தோடு முடிந்திருக்கலாம். "இப்பவும் எரிச்சலா இருக்கு மாமா" என்று ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. சூடு இல்லை, ஆனால் ஃபேன் சும்மா இருக்கும்போதும் ஊ... என்று ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. தூங்க முடியவில்லை.

இது வேறு வியாதி. ஃபேன் வேகத்தை மதர்போர்டு எப்படி ஆட்டிவைக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு வரும். ஃபேனுக்குப் போகும் நான்கு கம்பிகளில் இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது, ஃபேன் பேசும் கம்பி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். எண்ணிப் பார்த்து மதர்போர்டு வேகத்தைத் தெரிந்துகொள்ளும். பல ஃபேன்களில் சுழலும் காந்தத்தை உணர்வது ஹால் விளைவு. 1879இல் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் கண்டது. ஃபேனை வேறு இடத்தில் செருகிவிட்டு, ஆன் செய்யும்போது 'சிபியு ஃபேன் எரர்' வருகிறதே என்று திகைப்பது இந்த மூன்றாம் கம்பி பேசாததால்தான். நான்காவது, மதர்போர்டு பேசும் கம்பி. நொடிக்கு 25,000 முறை மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஆணை அதில் போகும். இணைந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். ஏன் 25,000? மனிதக் காதுக்கு 20,000க்கு மேல் கேட்காது. இல்லாவிட்டால் ஃபேன் ரீங்காரம் இடும். மூன்று கம்பி மட்டுமே உள்ள ஃபேனை நான்கு கம்பி முறையில் கட்டுப்படுத்தச் சொன்னால் அதற்கு ஆணை கேட்காது, முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் டிசி முறைக்கு மாற்றினால் அடங்கும்.

ஆட்டத்துக்குக் காரணம் அவசரம். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே கோரின் சூடு கண்ணிமைக்கும் நேரத்தில் 45லிருந்து 65க்குத் தாவும், அடுத்த நொடி இறங்கும். ஹீட் சிங்க் அப்படித் தாவாது. முந்நூறு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி ஏற்றவே ஏறக்குறைய 270 ஜூல் வேண்டும், 70 வாட்டுக்கு அது நாலு நொடி வேலை. சில்லு துள்ளும்போதெல்லாம் ஃபேனும் துள்ளினால், இன்னும் சூடாகாத அலுமினியத்துக்குக் காற்று வீசுகிறோம். பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம் வைக்க இடம் உண்டு. வைக்கச் சொன்னேன். அறுபது டிகிரி வரை ஒரே வேகம், அதற்குமேல் மெல்ல ஏறட்டும் என்றும் சொன்னேன். அன்றிரவு அக்கா வீடு தூங்கியது.

மெல்ல ஏறினால் போதுமா? போதும். ஃபேன் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், ஆனால் அது தின்னும் மின்சாரம் எட்டு மடங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். கிடைக்கிற லாபம்? நாங்கள் சோதித்தோம். 1,500 சுற்றில் 84 டிகிரி, 3,000 சுற்றில் 78. அத்தனை கூச்சலுக்கு ஆறு டிகிரி. வரிசையில் மற்றவர்கள் பழைய வேகத்திலேயே சட்டியைக் கைமாற்றும்போது கடைசி ஆள் ஓடி ஓடி மிச்சம் பிடிப்பது அவ்வளவுதான். காசு செலவழிப்பதென்றால் ஃபேனுக்குப் பதில் ஹீட் சிங்க்குக்குச் செலவழிக்கலாம், குறிப்பாகச் செம்புக் குழாய் வைத்தவற்றுக்கு.

அந்தக் குழாயை வெறும் செம்புக் கம்பி என்று நினைப்பவர்களே அதிகம். உள்ளே இட்லிக் கொப்பரை ஓடிக்கொண்டிருக்கிறது! காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிய குழாய் அது. காற்றில்லாததால் தண்ணீர் நூறு டிகிரிக்குக் காத்திராமல் கைபொறுக்கும் சூட்டிலேயே ஆவியாகும். பிராசஸர் பக்கம் ஆவியான தண்ணீர் மறுமுனைக்குப் பாய்ந்து, அங்கே மூடியில் நீர்த்துளி படிவதுபோல் படிந்து, தான் சுமந்த சூட்டை அலுமினியத் தகடுகளிடம் இறக்கிவிடும். ஒரு கிராம் நீராவி தண்ணீராகும்போது இரண்டாயிரம் ஜூலுக்கு மேல் கக்கும். இட்லிக் கொப்பரை ஆவியில் கை சுட்டவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வருவதுதான் நேர்த்தி. குழாயின் உட்சுவரில் செம்புத் துகள்கள் திரிபோல் படிந்திருக்கும். அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் அது தண்ணீரைப் பழைய இடத்துக்கு இழுத்துவரும். மோட்டார் இல்லை, தேய்மானம் இல்லை. 1942இல் ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் இதற்குக் காப்புரிமை கோரினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக மறுபடி கண்டுபிடித்தார், விண்கலங்களுக்காக. இன்று மடிக்கணினிகளுக்குள்ளெல்லாம் ஓடுகிறது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் மறுபடி மாவு மில். இந்த முறை அவனே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்: "சிங்க்கும் கொதிக்குது மாமா." களிம்பு குற்றவாளி இல்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. காற்றுதான்.

நூறு வாட் சூட்டைக் கேபினெட்டிலிருந்து வெளியேற்ற, உள்ளே போகும் காற்று பத்து டிகிரி மட்டுமே சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு எட்டு லிட்டருக்கு மேல் காற்று ஓட வேண்டும். இரண்டு நொடிக்கு ஒரு குடம், இடைவிடாமல். இதே வேலையைத் தண்ணீர் செய்தால் நொடிக்கு அரை டீஸ்பூன் போதும். அத்தனை குடம் காற்றோடு வீட்டின் அத்தனை தூசியும் வரும். பருத்தி நூல், ஊதுபத்திப் புகையின் பிசுக்கு, தெருப் புழுதி எல்லாம் சேர்ந்து முன்பக்க வலையிலும் அலுமினிய இடுக்கிலும் கம்பளிபோல் படிந்திருந்தது. போதாததற்கு, அறையை அழகுபடுத்துகிறேன் என்று கம்ப்யூட்டரை மரமேசையின் கதவு வைத்த பெட்டிக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். வெளியேற்றிய சூட்டையே அது திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் தெர்மாமீட்டர் 45 காட்டியது, அறையில் 36. அந்த ஒன்பது டிகிரி அப்படியே பிராசஸரின் கணக்கில் சேரும். கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்ததும் சூடு சட்டென்று இறங்கினால், கோளாறு கேபினெட்டின் காற்றோட்டத்தில் என்று அறியலாம். ஃபேன்களின் திசையையும் பார்த்துவிடுங்கள்: குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும். இரண்டும் உள்ளே ஊதிக்கொண்டு எதிரெதிர் நின்ற கேபினெட்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்த அன்று மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் ப்ளோயரால் ஊதினோம். 95 இருந்தது 79க்கு வந்தது. மேசைக் கதவு இப்போது பரணில் இருக்கிறது.

இதைப் படிப்பவர் வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், கத்திரி தொடங்கும் முன் ஒருமுறை திறந்துவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் காற்றில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். ஏர் கூலரின் ஈரக்காற்றைக் கேபினெட் பக்கம் திருப்பாதீர்கள். முன்பக்க வலையைக் கழுவினால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.